எழுபது மேடம் போடச் சொன்ன தண்ணி

சாமி கும்பிடும்போதுகூட ஒரு கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு கும்பிட்ட ஒரே ஜீவன், திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில் நான் பார்த்தவரை, எங்கள் எழுபது மேடம்தான். மயிலம் கோயிலில் ஒருநாள் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, ஏன் மேடம் இப்படி என்று கேட்டேன். "தீவாராதனத் தட்ட எத்தினி பேரு தொட்டுக் கும்புட்டான் பாத்தியா? அதத்தான் பாத்துக்கினு இருந்தேன்" என்றார். விபூதியை மட்டும் மறுபேச்சில்லாமல் அள்ளிப் பூசிக்கொண்டார். நெருப்பில் வெந்த சாம்பலில் எதுவும் பிழைத்திருக்காதாம். இது முருகன் மேல் நம்பிக்கையா, நெருப்பின் மேல் நம்பிக்கையா என்று நான் மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்டால் என் கையை மோந்து பார்ப்பார்.

கூட்டேரிப்பட்டில் நெடுஞ்சாலையை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்த ஒரு வாழைக்கன்று லேபில் அவர்தான் இன்சார்ஜ். நான் அங்கே கன்றுகளை வண்டி ஏற்றி அனுப்பும் டெஸ்பாட்ச் குமாஸ்தா. வாழைக் குருத்தின் நுனியைத் துளித்துளியாக வெட்டி, பாட்டிலுக்குள் இருக்கும் சத்துக்கூழில் நட்டு வைத்தால் அது கன்றுகளாகப் பெருகும். ஆனால் கண்ணுக்குத் தெரியாத கிருமி ஒன்று உள்ளே போய்விட்டால் போதும். கூழை அது தின்று கொழுக்கும், கன்று செத்துப்போகும். இந்தச் சனியனுக்கு ஆங்கிலத்தில் 'கன்டாமினேஷன்' என்று நீளமாக ஒரு பெயர் உண்டு. லேப் பெண்கள் அதை வாய்க்கு வசதியாகச் சுருக்கி 'கண்டம்' ஆக்கிவிட்டார்கள். "மூணாவது ரேக்குல கண்டம் வந்துடிச்சி மேடம்" என்றால், அன்றைக்கு யாருடைய ஜாதகத்தையோ மேடம் கையில் எடுத்துவிட்டார் என்று பொருள்.

'எழுபது' அவருடைய வயது இல்லை. வயது ஐம்பதைச் சுற்றி எங்கேயோ இருந்தது. கை கழுவ, மேஜை துடைக்க, கத்தி நனைக்க, எல்லாவற்றுக்கும் எழுபது சதவீத ஸ்பிரிட்தான் வேண்டும் என்று நாள் முழுக்க அவர் போட்ட கூச்சலில் ஒட்டிக்கொண்ட பெயர் அது. "நூறே போடலாமே மேடம், இன்னும் பவரா இருக்குமே?" என்று புதிதாகச் சேர்ந்த யாராவது கேட்டுவிட்டால் தீர்ந்தது. கேன்டீனிலிருந்து முட்டை வரும்.

"கிருமின்னா இன்னான்னு நெனைக்கிற? கொழுப்புப் பை. தோசக்கல்லுப் பிசுக்கு வெறும் தண்ணில போவுமா? ஸ்பிரிட்டு பட்டா போவும். அதேதான் இங்கயும். ஸ்பிரிட்டு அந்தப் பைய நெகிழ வெச்சி ஓட்ட போட்டுடும். உள்ள இருக்கறதெல்லாம் வெளிய ஒழுவிடும். இது உள்ள பூந்து புரோட்டீனக் கலைச்சிப் போட்டுடும். கத முடிஞ்சிது."

"அப்ப நூறு போட்டா இன்னும் ஜல்தியா முடியுமே மேடம்?"

மேடம் முட்டையை உடைத்துத் தட்டில் ஊற்றி, அதன் மேல் தனி ஸ்பிரிட்டை விடுவார். வெள்ளைக்கரு அடுப்பே இல்லாமல் வெளுத்துக் கெட்டியாகும். "பாத்தியா? தனி ஸ்பிரிட்டு அவசரக்குடுக்கை. தொட்ட எடத்துலயே மேல்தோல வேக வெச்சி ஓடாட்டம் ஆக்கிடும். அப்பறம் அதாலயே உள்ள போவ முடியாது. உள்ள இருக்குற பய வத்தலாட்டம் காஞ்சி சும்மா படுத்துக்கினு இருப்பான். நாளைக்கி ஈரம் கெடச்சா எழுந்துப்பான். தண்ணி கூட இருந்தாதான் ஸ்பிரிட்டு நிதானமா உள்ள போயி வேலயப் பாக்கும்." ஒருமுறை இந்த வகுப்பின் முடிவில் ஒரு பெண், "உப்பு மொளகு போட்லாமா மேடம்?" என்று கேட்டு ஒரு வாரம் பாட்டில் கழுவினாள்.

சரி, எழுபதையாவது நம்பினாரா என்றால் அதுவும் முழுசாக இல்லை. சில கிருமிகள் விதை மாதிரி தடித்த தோலைப் போர்த்திக்கொண்டு படுத்துவிடுமாம், அவற்றுக்கு எழுபது என்பது எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற சுகமாம். அதனால் கத்திகளை ஸ்பிரிட்டில் முக்கி, அதற்கு மேல் நெருப்பிலும் காட்ட வைத்தார். மனிதர்களை நெருப்பில் காட்டச் சட்டத்தில் இடமில்லை என்பது அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

மனிதர்களில் அவர் முதலில் சந்தேகப்பட்டது தயிர் சாப்பிடுகிறவர்களை. "டெஸ்பாட்ச், நீ இன்னிக்கி தயிர் சோறா?" என்று தூரத்தில் நிற்கும்போதே கேட்பார். தயிரில் இருப்பது நல்ல கிருமிதானே மேடம் என்று ஒருநாள் வாயை விட்டேன். "ஒன் வயித்துக்கு நல்லது. என் பாட்டிலுக்கு?" என்றார். தினம் காலையில் வாசலில் நின்று, "இட்லி மாவு கரைச்சவங்கள்லாம் கையத் தூக்கு" என்பார். தூக்கியவர்களுக்கு இரண்டாம் தடவை சோப்பு. தூக்காதவர்களுக்குச் சந்தேகத்தின் பேரில் மூன்றாம் தடவை.

திண்டிவனத்திலிருந்து அவர் வரும் பஸ்ஸில் ஒருநாள் கண்டக்டர் மூக்கைத் துடைத்த கையாலேயே டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டார். மேடம் கைப்பையிலிருந்து ஸ்பிரே பாட்டிலை எடுத்து டிக்கெட்டின் மேல் அடித்தார். மெஷினில் அச்சாகிற அந்தக் காகிதத்துக்கு ஸ்பிரிட் ஆகாது, முழுக்கக் கறுத்துவிட்டது. கூட்டேரிப்பட்டுக்கு முந்தின ஸ்டாப்பில் செக்கிங் இன்ஸ்பெக்டர் ஏறினார்.

"இன்னாம்மா இது?"

"டிக்கெட்டு."

"இதுல ஒண்ணுமே இல்லியேம்மா."

"ஆமா. கிருமியும் இல்ல."

மேடத்தை இறக்கிவிட்ட பிறகும் அந்தக் கறுப்புக் காகிதத்தை இன்ஸ்பெக்டர் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றாராம். சாலையோர டீக்கடையில் கொரோனா காலத்திலிருந்து ஒரு சானிடைசர் பாட்டில் உண்டு. அதை மேடம் மோந்து பார்த்துவிட்டு, "இதுல நீலம் இருக்குது, சென்ட்டு இருக்குது, தண்ணி இருக்குது. ஸ்பிரிட்டு மட்டும் இல்ல" என்று தீர்ப்பு சொன்னார். "வெக்கச் சொன்னாங்க, வெச்சோம். இத்தினி வருசத்துல யாரு மேடம் மோந்து பாத்தாங்க?" என்று டீ மாஸ்டர் அழாத குறையாகச் சொன்னார்.

இப்படிப்பட்டவருடைய ராஜ்ஜியத்தில்தான் அந்தோணி வேலை பார்த்தார். கொதிகலனில் பாட்டில்களை வேக வைப்பதும், காலையில் ஸ்பிரிட் கலப்பதும் அவர் பொறுப்பு. ஸ்பிரிட்டில் தண்ணீரைச் சேர்த்து எழுபதாக இறக்குகிற அந்த வேலைக்கு எங்கள் லேபில் 'தண்ணி போடறது' என்று பெயர். "அந்தோணி, தண்ணி போட்டியாய்யா?" என்று மேடம் கேட்பதும், "போட்டாச்சு மேடம்" என்று அவர் சொல்வதும் காலை வணக்கம் மாதிரி தினமும் நடக்கும். மேடம் ஒரு கண்ணாடி மிதவையைக் கேனுக்குள் விட்டு எழுபது இருக்கிறதா என்று அளந்து பார்த்துவிட்டுப் பூட்டுவார்.

இதில் ஒரு விஷயம். அந்தோணி நிஜமாகவே தண்ணி போட்ட காலம் ஒன்று உண்டு. சாதாரணமாக இல்லை, சம்சாரம் ஸ்டெல்லா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முண்டியம்பாக்கத்தில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய்விடுகிற அளவுக்கு. பிறகு மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றிச் சத்தியம் பண்ணிக் குடியை விட்டார். ஸ்டெல்லா உடனே நம்பவில்லை. ரொம்ப நாள் பார்த்துவிட்டுத்தான் மயிலம் வீட்டுக்குத் திரும்பி வந்தார். "இன்னொரு தபா வாசன வந்துது, அதோட சரி" என்று சொல்லித்தான் வந்தார். இதெல்லாம் அந்தோணியே எங்களுக்குச் சொன்னது. சொல்லும்போது சிரிப்பார், ஆனால் கை ஸ்பிரிட் கலக்குகிற கரண்டியைச் சும்மா உருட்டிக்கொண்டே இருக்கும்.

ஸ்டெல்லா திரும்பி வந்திருந்த அந்தச் சமயம் பார்த்து லேபில் கண்டம் வந்தது. ஒரு ரேக், இரண்டு ரேக் என்று இல்லை, அறை அறையாக. பாட்டில்களுக்குள் கூழின் மேல் பால் சிந்தின மாதிரி வெள்ளை படர்ந்தது. விவசாயிகள் போன் மேல் போன் போட்டு என் உயிரை எடுத்தார்கள். பாண்டிச்சேரியிலிருந்து முதலாளி வருகிறேன் என்று சொல்லிவிட்டார். மேடம் ஊரையே சந்தேகப்பட்டார். பெண்களின் நகம், தண்ணீர்த் தொட்டி, ஏசி, நான், எதிர் வயலில் எரு கொட்டினவன், எல்லோரும் அவருடைய விசாரணையில் இருந்தோம்.

மேனேஜர் புதுசு. உரக் கம்பெனியில் விற்பனை பார்த்துவிட்டு வந்தவர், லேப் பாஷை தெரியாது. அவர் ஒன்றைக் கவனித்தார். ஸ்பிரிட் கேன் முன்னைப்போல் நிற்பதில்லை, சீக்கிரம் சீக்கிரமாகக் காலியாகிறது. அவர் மூளையில் கணக்கு நேராக ஓடியது. அந்தோணி ஸ்பிரிட்டைக் குடிக்கிறான், அளவு குறைந்தது தெரியாமல் இருக்கத் தண்ணியை ஊற்றி வைக்கிறான், அதனால்தான் கிருமி சாகவில்லை. எங்கள் பக்கத்தில் ஸ்பிரிட்டைக் குடித்தான் என்ற பேச்சு வந்தாலே எல்லோரும் கை வேலையைப் போட்டுவிட்டு எழுந்துவிடுவார்கள். விஷச் சாராயத்தால் எத்தனை வீட்டில் ஒப்பாரி கேட்டது என்பது இங்கே யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மேனேஜர் பயந்ததிலும் தப்பு சொல்ல முடியாது.

அவர் அந்தோணியை என் மேஜைக்கு முன்னால்தான் நிறுத்திக் கேட்டார். "அந்தோணி, மறைக்காம சொல்லு. தண்ணி போட்டியா?"

"போட்டேனே சார்" என்றார் அந்தோணி, பளிச்சென்று.

மேனேஜருக்கு நாற்காலியிலேயே தூக்கிவாரிப் போட்டது. "எப்ப?"

"காலைல சார். வந்தவொடன மொத வேல அதான?"

"தெனமுமா?"

"ஒரு நா தப்பறதில்ல சார். லீவு போட்டாதான் உண்டு."

"யோவ், ஒனக்குப் பயமே இல்லியா? யாரு குடுத்த தைரியம்?"

"மேடம்தான் சார் போடச் சொன்னாங்க. கூடவே நின்னு பாப்பாங்க. கூட போட்டாலும் திட்டுவாங்க, கொறைச்சுப் போட்டாலும் திட்டுவாங்க."

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. விளக்கிச் சொல்லலாம் என்று வாயைத் திறப்பதற்குள் மேனேஜர், "மேடமுமா!" என்று தலையில் கை வைத்துக்கொண்டு எழுந்து வெளியே ஓடிவிட்டார். வெளியே பாட்டில் கழுவுகிற இடத்தில் இருந்தவர்களிடம், அந்தோணி ஸ்பிரிட் குடித்ததை ஒத்துக்கொண்டுவிட்டார் என்று அவர் சொன்னதை, அங்கே இருந்த ஸ்டெல்லாவின் சித்தி மகள் கேட்டுவிட்டாள். அவள் கையில் போன் இருந்தது. அதற்கு மேல் யார் விளக்கி என்ன?

மத்தியானத்துக்குள் ஸ்டெல்லா கேட்டில் நின்றார். தோளில் பை, கையில் பிள்ளை. மயிலத்திலிருந்து முண்டியம்பாக்கம் போக எங்கள் கூட்டேரிப்பட்டு கூட்டுரோட்டுக்கு வந்துதான் பஸ் மாற வேண்டும்.

"அம்மா ஊட்டுக்குப் போறேன்" என்றார், அந்தோணியைப் பார்த்து. குரல்கூட உயரவில்லை. "மூஞ்சியப் பாத்துச் சொல்ட்டுப் போலாம்னு எறங்கினேன். அவ்ளதான்."

"ஸ்டெல்லா, மாதா சத்தியமா..."

"மாதாவ இழுக்காத. ஏற்கெனவே ஒரு தபா இழுத்துக்கீற."

அந்தோணியின் முகத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. நான் விளக்க முயன்றேன். "நீங்க அவரு ஃபிரெண்டு, அப்பிடித்தான் சொல்வீங்க" என்று ஒரே வார்த்தையில் என்னை முடித்துவிட்டார்.

அப்போதுதான் கையுறையைக் கழற்றிக்கொண்டே எழுபது மேடம் வந்தார். வேலை தீர்ந்தது அந்தோணிக்கு என்று எல்லோரும் ஒதுங்கி நின்றோம். சும்மாவே சந்தேகப்படுகிறவர், இப்போது காரணம் வேறு கிடைத்திருக்கிறது.

"யாரு குடிச்சான்னது?"

"அவனே ஒத்துக்கினான் மேடம்" என்றார் மேனேஜர்.

"கேட்டவொடனயா?"

"கேட்டவொடன."

"அப்ப எனக்கு சந்தேகமா இருக்குது சார். குடிச்சவன் எவன் கேட்டவொடன ஒத்துக்கினான்? நீங்க இன்னான்னு கேட்டீங்க?"

"தண்ணி போட்டியான்னு கேட்டேன்."

மேடம் நெற்றியில் அடித்துக்கொண்டார். "பேஜாரு சார் உங்களோட. அவன் வேலையே தண்ணி போடறதுதான்!" பிறகு அந்தோணியைக் கூப்பிட்டார். "வாய்யா இங்க. ஊது." அந்தோணி ஊதினார். மேடம் கண்ணை மூடி மோந்தார். "பூண்டு. கருவாடு. ஸ்பிரிட்டு இல்ல."

"கருவாட்டுக் கொழம்புதான் குடுத்து அனுப்பினேன்" என்று ஸ்டெல்லா வேண்டாவெறுப்பாக ஒப்புக்கொண்டார். "வாயக் கழுவியிருக்கலாம் இல்ல?"

"இருக்கலாம்" என்றார் மேடம் உடனே. "என் மூக்கையும் நம்பாத. மிதவய உட்டு அளந்தா தெரியும், ஆனா அது என் மிதவ. நான் சொல்றத நீ இன்னாத்துக்கு நம்பணும்? ஒன் கண்ணால பாரு."

கேன்டீனில் பொரியலுக்கு வைத்திருந்த பீட்ரூட் வந்தது. மேடம் அதை ஒரே கனத்தில் துண்டு போட்டு, சாயம் போகக் கழுவச் சொன்னார். ஒரு கண்ணாடி டம்ளரில் அன்று காலை அந்தோணி கலந்து பூட்டி வைத்த கேனிலிருந்து ஸ்பிரிட். இன்னொன்றில், பெண்கள் கத்தி முக்குகிற ஜாடியிலிருந்து. இரண்டிலும் ஒரு துண்டு. "பீட்ரூட்டும் கிருமியாட்டந்தாம்மா. செவப்பு உள்ள ஒரு பையில அடைச்சிக் கெடக்குது. ஸ்பிரிட்டு சரியா இருந்தா பை கிழிஞ்சி செவப்பு ஒழுவும். தண்ணி ஜாஸ்தியா இருந்தா ஒழுவாது."

எல்லோரும் டம்ளரைச் சுற்றி நின்றோம். பிள்ளை எட்டிப் பார்த்தது. கேன் டம்ளரில் துண்டிலிருந்து சிவப்பு இழை இழையாக இறங்கி, கொஞ்ச நேரத்தில் டம்ளரே சிவந்துவிட்டது. ஜாடி டம்ளர் லேசாக ரோஸ் காட்டிவிட்டு நின்றது.

"அந்தோணி கலந்தது சரியா இருக்குது" என்றார் மேடம்.

"அப்ப ஜாடில தண்ணி ஊத்தினது யாரு?" மேனேஜர் பெண்கள் பக்கம் திரும்பினார்.

மேடம் ஜாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், பெண்கள் உட்கார்ந்து வேலை செய்கிற காற்றுப் பெட்டியைப் பார்த்தார். கிருமி அண்டாமல் இருக்க அதில் நாள் முழுக்கக் காற்று வீசிக்கொண்டே இருக்கும்.

"சுமதி, ஜாடிக்கெல்லாம் மூடி எங்க?"

"நீங்கதான மேடம் மூடி வேணான்னுட்டீங்க" என்றாள் சுமதி, பயந்துகொண்டே. "மூடியத் தொட்ற கைய நம்ப முடியாது, தெறந்தே கெடக்கட்டும்னீங்க. கொறைய கொறைய கேன்லேந்து ஊத்தி ரொப்பிக்கினு இருக்கோம்."

மேடம் முகத்தில் அப்படி ஒரு மாற்றத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஊரையெல்லாம் பார்த்த பார்வையால் தன்னையே ஒருமுறை பார்த்துக்கொண்ட மாதிரி இருந்தது.

"ஸ்பிரிட்டு முன்னாடி பறந்துடும், தண்ணி பின்தங்கிடும்" என்றார் மெதுவாக. "ரொப்ப ரொப்ப தண்ணிதான் சேந்துக்கினே போவும். தண்ணி ஜாஸ்தியானா கத்தில நெருப்பும் சரியா பத்தாது. அதான் கேனும் காலியாவுது. நான் கேன அளந்தேன், ஜாடிய அளக்கல." மேனேஜரிடம் திரும்பினார். "குடிச்சது காத்து சார். ஊத்திக் குடுத்தது நான்."

"மேடம், மொதலாளிகிட்ட இப்டியேவா சொல்றது? ஏசி கோளாறுன்னு சொல்லிக்கலாமே?"

"இப்டியே சொல்லுங்க. என் பேரச் சொல்லி."

அப்புறம் ஸ்டெல்லாவின் பக்கம் வந்து, அவர் தோளில் இருந்த பையைப் பார்த்து, "தப்பு என்னுதும்மா. ஒன் ஊட்டுக்காரன் மேல எனக்கு சந்தேகம் இல்ல" என்றார்.

ஸ்டெல்லா பையைக் கழற்றி அந்தோணியிடம் நீட்டினார். "மாதா மேல சத்தியம் பண்ணிக்கூட நான் பாதிதான் நம்பினேன்" என்றார் மேடத்திடம். "நீங்க சாமியக்கூட நம்பாத ஆளுன்னு ஊரே சொல்லுது. நீங்களே சந்தேகம் இல்லன்னா, அப்பறம் எனக்கு இன்னா?" அந்தோணி பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு, எங்கள் பக்கம் முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டார். மேடம் பிள்ளையின் கன்னத்தைத் தொடப் போனவர், கையை இழுத்துக்கொண்டு ஸ்பிரே அடித்து, காயும்வரை காத்திருந்து, பிறகு தொட்டார்.

முதலாளி வந்து எல்லோர் முன்னாலும் மேடத்தைத் திட்டினார். மூடி போட்டதும் கண்டம் மெல்ல அடங்கியது. அடுத்த வருஷம் மேடம் ஓசூர் பக்கம் ஒரு பெரிய லேபுக்குப் போய்விட்டார். போகிற அன்று நான் கை கொடுத்தேன், தயிர் சாப்பிட்டியா என்று கேட்டுவிட்டுத்தான் வாங்கிக்கொண்டார்.

இப்போது வந்திருக்கிற சார் ரொம்ப நல்ல மனிதர். யார் கையையும் மோந்து பார்ப்பதில்லை, எது சொன்னாலும் நம்பிவிடுகிறார். எங்களுக்குத்தான் யாருமில்லாத மாதிரி இருக்கிறது.